சம்பந்திக்கு ஆக்கின பட்டாணி

ஆமாங்க, எங்கூட வந்தவருதானுங்க. ஜன்னலோரத்துல தொப்பியக் கண்ணு மேல இழுத்துவிட்டுட்டுத் தூங்கறாரே, அந்த வெள்ளக்காரருதான். இல்லீங்க, கோயில் பாக்க வந்தவரில்ல, ஆசிரமத்துக்கு வந்தவருமில்ல. எங்க சம்பந்திங்க. நெசமாத்தானுங்க சொல்றேன். என்ற பையன் கட்டியிருக்கறது இவரு புள்ளையத்தான்.

நீங்களும் ஈரோடுங்களா? அப்பச் சரி, நேரம் கெடக்குது. அந்தப் பையக் கீழ வெச்சுட்டு நல்லா உக்காருங்க. தாராவரத்துல ஏறுனதுலருந்து பஸ்ஸுல இருக்கற அத்தன பேரும் இவரத்தான் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. ஒருத்தராச்சும் என்னயப் பாத்து, "ஏனுங்க, உங்க மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது"ன்னு கேக்கல. நீங்கதான் வாயத் தொறந்து கேட்டீங்க. அதுவும் இவரப் பத்தி!

ரஷ்யாக்காரருங்களான்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க. முழிச்சிருந்தா மூஞ்சி செவந்துரும். எங்க பக்கத்து ஊட்டுக்காரரு ஒருநா அப்பிடிக் கேட்டுட்டாரு. அன்னிக்கி முழுக்க மனுசன் பேசல. அதுக்கு முன்னாடியும் பேசல, அது வேற. லாத்வியாங்க. சின்ன நாடு. கடலோரமா, குளுருல. என்ற பையன் தரணி அங்கதான் படிக்கப் போனான். படிச்சான், அங்கியே வேலையும் பாத்தான், இவரு புள்ளையக் கட்டிக்கறேன்னு போன் பண்ணுனான். பேரென்னடான்னேன். சனிதா, அப்பிடின்னான். அட, நம்மூருப் புள்ள பேராட்டம் இருக்குதே, எந்த ஊரு, கோபியா, பவானியான்னு கேட்டுட்டேன். அவிய நாட்டுல அந்தப் பேரு நெறையப் பேருக்கு உண்டாமா.

புள்ள தங்கமான புள்ளைங்க. அதச் சொல்லிப்போடறேன். நாங் கொறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. ரண்டரை வருசமாச்சு அவிய இங்க வந்து. தமிழு பேசுது. ஒடச்சு ஒடச்சுப் பேசும், ஆனாப் பேசும். என்னய மாமாங்கும். ஒரு நாளு எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. அதனாலதான சொல்றேன், அன்னிக்கி அது கத்துனப்ப எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

நான் ஆருன்னு சொல்லுல பாருங்க. எம் பேரு அர்த்தநாரி. ஒரு காலேசு ஆஸ்டல்ல இருவத்தாறு வருசம் மெஸ்ஸு பாத்தவனுங்க. எண்ணூறு பசங்க. மூணு வேளை. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சோறு பத்தலைன்னு ஒருத்தன் தட்டத் தட்டுனதில்ல. என்ற சம்சாரம் போயி ஆறு வருசமாச்சு. அப்பறம் ஊட்டுச் சமையக்கட்டும் முழுசா எங் கையிக்கு வந்துருச்சு. பையனும் புள்ளையும் வந்து சேந்தாங்க. நாந்தான் ஆக்கறேன். மருமகளுக்கு ஒரு வேலை வெக்கறதில்ல. ஊர்ல எந்த மாமனாரு இப்பிடி? காப்பித் தண்ணிகூட நாந்தான் வெச்சுக் குடுக்கறேன்.

வந்த புதுசுல ஒருக்கா உருளக்கெழங்க வேக வெச்சு, வெண்ணெயும் என்னமோ ஒரு தழையும் போட்டுக் கொண்டாந்து வெச்சுது. தின்னு பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உசுரில்ல. உடனே எந்திரிச்சுப் போயி கடுகு, வரமொளகா, ரண்டு பல்லு பூண்டு தாளிச்சுக் கொட்டிக் கொண்டாந்தேன். என்ற பையன் ரண்டு தட்டு தின்னான். அதுக்கப்பறம் அந்தப் புள்ள ஆக்கறேன்னே சொல்லுல. என்ற கையிப் பக்குவத்தப் பாத்துட்டு, இவரே ஆக்கட்டும்னு விட்டுருச்சு. மாடியில அவிய ரூமுக்கு ஒரு சின்னக் கரண்டு அடுப்பு வாங்கி வெச்சுது, கஞ்சி காச்ச. எதுக்குச் சாமி ரண்டு அடுப்பு, நாங் கெடக்கறேனில்லன்னு சொல்லி அத எடுத்துப் பரண் மேல போட்டுட்டேன். ஒண்ணுஞ் சொல்லுல. தங்கம்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

போன வருசம் ஐப்பசியில இவரு சம்சாரம் தவறிட்டாங்க. வெல்தான்னு பேரு. மருமகளுக்கு அப்ப ஒம்பதாவது மாசம். பிளேன்ல ஏத்த மாட்டேன்னுட்டான். பெத்த தாயி மூஞ்சியப் பாக்க முடியல. பேத்தி பொறந்துச்சு, மாரான்னு பேரு வெச்சாங்க, அது அவிய பக்கத்துச் சாமி பேராமா. இந்த வருசம்தான் இவரு பேத்தியப் பாக்க வந்தாரு. குனார்ஸ்னு பேருங்க. எனக்கு அது வாயில நிக்கல, குணாருன்னே கூப்புடறேன். எழுவத்தொண்ணு வயசு. சரக்கு ரயிலு ஓட்டுனவரு. ஒண்டியா ரயிலு ஓட்டி ஓட்டிப் பேச்சே மறந்துபோச்சோ என்னமோ, வந்து எறங்குனதுலருந்து ஒரு சேர்ல உக்காந்துட்டு பேத்தியப் பாப்பாரு, இல்லைன்னா செவுத்தப் பாப்பாரு.

நாஞ் சும்மா இருப்பனுங்களா? ஊட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி வந்திருக்கறாரு. அதுவும் சம்பந்தி. நாட்டுக்கோழி அடிச்சேன். பள்ளிபாளையம் சிக்கன் பண்ணுனேன், மொளகா கிள்ளிப் போட்டு, தேங்கா பல்லு பல்லா அரிஞ்சு போட்டு. தின்னாரு. வேர்வ கொட்டுது, மூக்கு ஒழுகுது. எப்பிடிங்கன்னு கையக் காட்டிக் கேட்டேன். "லப்ஸ்"னாரு. அப்பிடின்னா நல்லாருக்குதுன்னு அர்த்தமாமா. எது வெச்சாலும் லப்ஸ்தான். இட்லிக்கு லப்ஸ், கொள்ளுப் பருப்புக்கு லப்ஸ், கத்திரிக்காக் கடைசலுக்கு லப்ஸ். பையன் மட்டும், "அப்பா, அவரு பெல்ட்டுல புது ஓட்ட போட்டுட்டு இருக்கறாரு, பாத்தீங்களா"ன்னான். எளைக்கறாருன்னு சொல்றான். நம்மூரு வெயிலுங்க. ஆரா இருந்தாலும் எளைப்பாங்க.

இப்பிடியே போயிட்டு இருக்கையில, மார்கழி மொத வாரத்துல ஒரு நா மருமக எம்முன்னால வந்து நின்னுச்சு. கையக் கட்டிட்டு, பள்ளிக்கொடத்துப் புள்ளையாட்டம். "மாமா, இருவத்தி நாலாந் தேதி சாயங்காலம் எங்க பண்டிக, கிறிஸ்துமஸ். ஒரு நாள். நான் சமையல். நீங்க ரெஸ்ட்"னு சொல்லுச்சு.

பாவம், அப்பனுக்கு ஆக்கிப் போடோணும்னு ஆசை, ஆனா எங்கிட்ட உதவின்னு கேக்கச் சங்கடம், அதான் ரெஸ்ட்டு எடுங்கன்னு சுத்தி வளச்சுச் சொல்லுது. புரிஞ்சுக்க மாட்டனுங்களா? "நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத சாமி, மாமா இருக்கறேன்"னு சொன்னேன். அது எம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு. சந்தோசத்துல பேச்சு வருல.

மூணு பலகாரம். ஒண்ணு, பட்டாணியும் பொகை போட்ட பன்னிக்கறியும். இன்னொண்ணு, முட்டக்கோச மணிக்கணக்கா வேக வெக்கறது. மூணாவது, சின்னச் சின்ன பன்னு, உள்ளாற கறியும் வெங்காயமும். இதத்தான் அந்த வெல்தாம்மா வருசா வருசம் பண்டிகையன்னிக்கி ஆக்குவாங்களாமா. இந்த மூணுக்கு எண்ணூறு பேருக்கு ஆக்குனவன் பயப்படுவனா?

பன்னிக்கறிக்கு நாங் கோயமுத்தூரு போனேனுங்க. ஒண்டியா, பஸ்ஸேறி. குளுருபெட்டிக் கடையில அந்தப் பொட்டணத்த வாங்கி ஊட்டுக்கு வந்து பிரிச்சா, ஒரே பொகை நாத்தம். எரிஞ்ச ஊட்டுக்குள்ள பூந்து எடுத்துட்டு வந்தாப்பல. கெட்டுப்போனதக் குடுத்துட்டானேன்னு மஞ்சத்தூளு போட்டு மூணு தண்ணி அலசுனேன். அப்பறம் வேக வெச்சு அந்தத் தண்ணியையும் கொட்டுனேன். நாத்தம் சுத்தமாப் போயிருச்சு. மருமக வந்து மோந்து பாத்துட்டு, "மாமா, பொகை எங்க"ன்னு கேட்டுச்சு. எடுத்துட்டேன் சாமின்னேன். பெருமையாத்தான் சொன்னேன். பொகைதான் வேணும்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? "பொகை போட்ட கறி"ன்னு சீட்டுல எழுதிக் குடுத்துச்சு, அது வேற. வேணும்னு சொல்லோணுமில்ல?

பட்டாணி இங்க வாங்குனதில்ல. இவரே பொட்டியில கொண்டாந்தாரு. வெள்ளத் துணிப் பையில ஒரு அரைக் கிலோ இருக்கும். நம்ம பட்டாணியாட்டம் பச்சையுமில்ல, வெள்ளையுமில்ல. பழுப்பா, சுருங்கி, மாட்டுத் தீவனத்துல கெடக்குமே, அப்பிடி இருந்துச்சு. இவரு அந்தப் பைய எங் கையில குடுக்கல. புள்ள கையில குடுத்தாரு. அது வாங்கி மூஞ்சியோட சேத்து வெச்சுக்கிச்சு. "மாமா, இது அம்மா பட்டாணி"ன்னு சொல்லுச்சு. நான் என்னத்தக் கண்டேன்? கடையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருக்குதில்லீங்க, ராணி பருப்பு, லட்சுமி உளுந்துன்னு. அது மாதிரி அங்க அம்மா பட்டாணின்னு ஒரு கம்பெனி போலன்னு நெனச்சுட்டேன். நீங்களா இருந்தாலும் அப்பிடித்தான நெனச்சிருப்பீங்க?

இல்லீங்களா? சரி உடுங்க.

இருவத்திமூணாந் தேதி ராத்திரி மருமக அந்தப் பட்டாணி முழுசையும் ஊற வெச்சுட்டுப் படுக்கப் போயிருச்சு. நான் எப்பவும் நாலு மணிக்கு எந்திரிக்கறவன். எந்திரிச்சு நசுக்கிப் பாத்தேன். கல்லு. எட்டு மணி நேரம் ஊறியும் கல்லு. இது எந்தக் காலத்துல வெந்து, எந்தக் காலத்துல சம்பந்தி திங்கறதுன்னு, ஆப்ப சோடா ஒரு கரண்டி போட்டேன். குக்கர்ல வெச்சு ஆறு விசிலு விட்டேன். ஆஸ்டல்ல கொண்டக்கடலைக்கு அதான் கணக்கு. ஆறரை மணிக்கு அது எந்திரிச்சு வந்துச்சு. குக்கரத் தொறந்துச்சு. உள்ள பாத்துட்டே நின்னுச்சு. கொஞ்சம் கொழஞ்சுதான் போயிருந்துச்சுங்க, பொய் சொல்லுல. பாதி முழுசா இருந்துச்சு, பாதி மாவாட்டம்.

"மாமா, இது மெதுவா. மெதுவா வேகும். மூணு மணி நேரம்"னுச்சு.

"மூணு மணி நேரம் எதுக்குச் சாமி? பாரு, அரை மணியில முடிச்சுட்டேன்"னேன்.

அது கரண்டியில நாலு பட்டாணிய எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பாத்துட்டு, மாடிக்குப் போயிருச்சு. கொழந்த அழுதுட்டு இருந்துச்சு, அதான் போயிருக்கும். அதுக்குள்ள நான் பட்டாணிய அப்பிடியே உட்டா கூழாட்டம் கெடக்குதேன்னு, கடுகு, கறிவேப்பல, பத்து பச்ச மொளகா போட்டுத் தாளிச்சு, அந்தக் கறியையும் போட்டு, தேங்கா துருவிப் போட்டுச் சுருள வதக்கி எடுத்துட்டேன். கலரு வந்துருச்சு. வாசம் வந்துருச்சு. கெட்டுப்போன சாமானத்த மீட்டெடுத்தேனுங்க நானு. அதுக்குத்தான் எனக்குப் பட்டம் கெடச்சுது கடைசியில.

மத்தியானத்துக்கு மேல பன்னு. இந்த வேலைக்கு இவரும் சமையக்கட்டுக்குள்ள வந்துட்டாரு. அப்பனும் புள்ளையும் மேடையோரத்துல ஒண்ணா நின்னு மாவு உருட்டறாங்க. அவிய பாசையில பேசறாங்க. இவரு என்னமோ சொன்னாரு, அது சிரிச்சுது பாருங்க, அப்பிடியொரு சிரிப்பு இந்த ரண்டரை வருசத்துல நாங் கேட்டதில்ல. இவரு ஒரு பன்ன உருட்டிக் காட்டறாரு, கோணலா, அது தலையில அடிச்சுக்குது, மறுக்கா சிரிப்பு. நான் எங்க நிக்கறதுங்க? எஞ் சமையக்கட்டுல எனக்கு நிக்க எடமில்ல. அதுவுமில்லாம, ஒறம்பரைய மாவு பெசைய உட்டோம்னு நாளைக்கு ஒருத்தரு சொல்லோணுமா? தோளப் புடிச்சு, "வாங்க சம்பந்தி, நீங்க போயி உக்காருங்க, நான் பாத்துக்கறேன்"னு கூட்டிட்டு வந்து டீவி முன்னால உக்கார வெச்சேன். மாட்டேன்னு தலைய ஆட்டுனாரு. மரியாதைக்கு அப்பிடித்தான ஆட்டுவாங்க. நான் விடல.

ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா, மனுசன் அப்பிடியே உக்காந்திருக்கறாரு. ரண்டு கையிலயும் மாவு. கழுவவே இல்ல. மடியில கைய மலத்தி வெச்சுட்டு, டீவியில பஞ்சாங்கம் சொல்றதப் பாத்துட்டு இருக்கறாரு.

மருமக அதுக்கப்பறம் சிரிக்கல. அதுபாட்டுக்கு பன்ன வெச்சு ஓவன்ல போட்டுது. வெந்துச்சான்னு நான் நாலு தடவ தொறந்து பாத்தேன். தொறக்காதீங்கன்னுச்சு. பாக்காம எப்பிடிங்க தெரியும்? பன்னு உப்பாம உக்காந்துக்கிச்சு. கோசு மட்டும் அதுவே ஆக்குச்சு. எனக்கு அதுல கைய வெக்கத் தோணல. நாத்தம்.

சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் மேசைய போட்டுட்டாங்க. மெழுகுவத்தி ரண்டு. இவரு மாடியிலருந்து எறங்கி வந்தாரு பாருங்க, கம்பளிக் கோட்டு, கழுத்துல டை. ஈரோட்டு வெக்கையில. தலைய தண்ணி வெச்சு வழிச்சுச் சீவியிருக்கறாரு. புள்ள அவிய நாட்டுச் சட்டை மாதிரி வெள்ளையா ஒண்ணு போட்டிருந்துச்சு. பையன்கூட வேட்டிய மடிச்சுக் கட்டாம நின்னான். நான் பரிமாற நின்னுட்டேன். உக்காருங்க உக்காருங்கன்னாங்க. பரிமாறறவன் உக்காந்தா அது பந்தியாங்க?

பட்டாணிய மொதல்ல வெச்சேன். ரண்டு கரண்டி. இவரு குனிஞ்சு பாத்தாரு. அந்தப் புள்ளையப் பாத்தாரு. அது தட்டையே பாத்துட்டு இருக்குது. இவரு ஸ்பூன எடுத்துத் திங்க ஆரம்பிச்சாரு. காரங்க. பத்து மொளகா. நெத்தியில வேர்வ, கண்ணுல தண்ணி பொலபொலன்னு ஊத்துது. கைக்குட்டையில ஒத்திக்கறாரு, மறுக்கா திங்கறாரு. ஒண்ணு உடல. தேங்காய்க்குள்ள ஒட்டியிருந்ததக்கூட ஸ்பூன்ல சொரண்டித் திங்கறாரு. எனக்குன்னா மனசு நெறஞ்சுபோச்சு. எத்தன வருசம் பரிமாறியிருக்கறேன், ஒருத்தன் இப்பிடித் தட்ட வழிச்சுத் தின்னு நாம் பாத்ததில்ல. மறுக்கா ரண்டு கரண்டி வெச்சேன். அதையும் திங்கறாரு. கண்ணுல தண்ணி நிக்கல. மூணாவது தடவ கரண்டிய எடுத்துட்டுப் போறேன்...

"போதும் மாமா! வெக்காதீங்க! போதும்!"

சேரு பின்னால சாஞ்சு விழுந்துருச்சு, அப்பிடி எந்திரிச்சுது. கத்துச்சுங்க. என்னயப் பாத்து. என்ற ஊட்டுல, என்ற சம்பந்தி முன்னால. அப்பறம் அவிய பாசையில அப்பங்கிட்ட என்னமோ சொல்லிட்டு, மாடிக்கு ஓடிப்போயிக் கதவச் சாத்திக்கிச்சு. இவரு கரண்டி புடிச்ச எங் கையத் தட்டிக் குடுத்தாரு. குடுத்துட்டு, தட்டுல மிச்சமிருந்த மூணு பட்டாணியையும் தின்னு முடிச்சாரு.

அப்பறந்தான் பையன் எனக்குச் சொல்றான். பல்லக் கடிச்சுட்டுச் சொல்றான். அந்தப் பண்டிகையன்னிக்கி வெச்ச பட்டாணிய ஒண்ணுகூட மீத்தக் கூடாதாமா. மீந்த பட்டாணி ஒவ்வொண்ணும் வர்ற வருசத்துக்கு ஒவ்வொரு சொட்டுக் கண்ணீராமா. "நீங்க வெக்க வெக்க அந்த மனுசன் திங்காம என்னப்பா பண்ணுவாரு"ங்கறான். இன்னொண்ணும் சொன்னான். அந்தப் பட்டாணி கடையில வாங்குனதில்லியாமா. அந்த வெல்தாம்மா ஊட்டுக்குப் பின்னால தோட்டத்துல வெதச்சதாமா. கடைசியா பறிச்சு, காய வெச்சு, பையில கட்டி வெச்சுட்டு, ரண்டு மாசத்துல போயிட்டாங்களாமா. இவரு ஒரு வருசமா அதத் தொடல. புள்ளைக்கு ஒருக்கா, ஆத்தா பண்ணுன மாதிரி ஆக்கித் திங்கோணும்னு பொட்டியில தூக்கிட்டு வந்தாராமா. "வெதைக்குன்னுகூட எடுத்து வெக்கலப்பா. அத்தனையும் கொண்டாந்துட்டாரு"ன்னான்.

நான் என்னங்க பண்றது? சொல்லுங்க. சொன்னாத்தானுங்க தெரியும். "அம்மா பட்டாணின்னு சனிதா உங்ககிட்டச் சொன்னாளே"ங்கறான். அம்மா பட்டாணின்னா? செத்துப்போன எங்கம்மா கையில வெதச்ச பட்டாணின்னு முழுசாச் சொல்லோணுமில்ல? ஒடச்சு ஒடச்சுப் பேசற புள்ள, இதையாச்சும் ஒடைக்காமப் பேசக் கூடாதா? நாலு மணிலருந்து நின்ன காலு எனக்கு. கோயமுத்தூரு போனவன் நானு. ஒரு வார்த்த, நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்த, ஒருத்தரு வாயிலருந்து வருல.

மறுநா நேரமே எந்திரிச்சு, ஆருக்குஞ் சொல்லாம, மஞ்சப் பையில ரண்டு வேட்டிய வெச்சுட்டுத் தாராவரத்துக்குப் பஸ்ஸேறிட்டேன். தங்கச்சி ஊடு இருக்குது அங்க. தெய்வாத்தான்னு பேரு. நாலு நாளு இருந்தேன். ஒருத்தரு, செத்தனா பொழச்சனான்னு கேக்கல. பையன் போன் பண்ணுனான், பண்ணுலைன்னு சொல்லுல. பதினஞ்சு இருவது தடவ பண்ணியிருப்பான். நான் எடுக்கல. எடுக்கலைன்னா நேர்ல வரோணுமில்ல?

நாலு நாளும் சும்மாவும் இருக்கல. தாராவரத்துல ஏழு மளிகக் கடை ஏறி எறங்கிட்டேன். பழுப்பா, சுருங்குன பட்டாணி இருக்குதுங்களான்னு. அது எதுக்குங்களா? சும்மாதானுங்க. நம்ம பக்கம் கெடைக்குமா கெடைக்காதான்னு தெரிஞ்சு வெச்சுக்கறதுதான. கெடைக்கல. ஒரு செட்டியாரு, மாட்டுத் தீவனக் கடையில கேளுங்கன்னாரு. அங்கயும் போயிக் கேட்டேன்.

இன்னிக்கிக் காத்தால கதவு தட்டற சத்தம். தங்கச்சி போயித் தொறந்துட்டு, "அண்ணா, உங்களத் தேடிட்டு ஆரோ வெள்ளக்காரரு"ன்னு கத்தறா. பாத்தா இவரு. தொப்பி, கையில ஒரு துண்டுச் சீட்டு, அதுல என்ற பையன் எழுத்துல தங்கச்சி ஊட்டு விலாசம். ஈரோட்டுல பஸ்ஸேத்திவிட்டுக் கண்டக்டருகிட்டச் சொல்லி அனுப்பியிருக்கறான். நான் வர்றேன்னு பையன் சொன்னதுக்கு வேண்டாம்னுட்டாராமா, நாந்தான் போகோணும்னு. சட்டையெல்லாம் வேர்வ. தங்கச்சி மோரு கொண்டாந்து குடுத்தா. குடிச்சுட்டு லப்ஸ்னாரு.

அப்பறம் போன எடுத்தாரு. அதுல அவரு பாசையில பேசுனா, ஒரு பொம்பள கொரலு தமிழுல சொல்லுது. ரேடியோவுல செய்தி வாசிக்கற தமிழு.

"வணக்கம். தங்களை வீட்டிற்கு அழைத்துச் செல்ல வந்திருக்கிறேன்"னு சொல்லுச்சு.

"நான் வருலீங்க"ன்னேன். அது அவருக்கு அவரு பாசையில சொல்லுச்சு. தலைய ஆட்டுனாரு. மறுக்கா போனுல பேசுனாரு.

"என் மனைவி நல்ல சமையல்காரர் அல்ல. அவருடைய பட்டாணி எப்போதும் அடிப்பிடிக்கும். நாற்பத்தி நான்கு ஆண்டுகள் அடிப்பிடித்த பட்டாணி சாப்பிட்டேன்."

இவரு சிரிச்சாருங்க. மொதத் தடவையா இவரு சிரிச்சு நாம் பாக்கறேன். பல்லு ரண்டு இல்ல. அப்பறம், "தங்கள் பட்டாணி அடிப்பிடிக்கவில்லை"ன்னு போனு சொல்லுச்சு. பாத்தீங்களா? கேட்டீங்களா? தின்னவரே சொல்லிட்டாரு. தங்கச்சியக் கூப்புட்டு மறுக்கா ஒருக்கா அத ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். இன்னொண்ணு சொன்னாரு. "மிளகாய் உதவியாக இருந்தது. நான் ஏன் அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை."

அதுக்கென்ன அர்த்தமுங்க? மொளகா என்ன உதவி பண்ணும்? தங்கச்சி முந்தானையில மூக்கத் தொடச்சுட்டு உள்ள போயிட்டா. நான் மண்டைய ஆட்டி வெச்சேன்.

கடைசியா ஒண்ணு சொன்னாரு பாருங்க, போன எம் பக்கமாத் திருப்பிப் புடிச்சுட்டு, என்ற கண்ணையே பாத்துட்டு. "தயவுசெய்து என் மகளுக்கு அடுப்பைக் கொடுங்கள்."

அடுப்ப! நான் என்னமோ அடுப்பத் தலையில தூக்கிட்டுத் தாராவரம் வந்துட்டாப்பல! அடுப்பு அங்கதான இருக்குது, ஊட்டுலதான இருக்குது? "மெசினு தப்பாச் சொல்லுது, வேற என்னமோ கேக்கறாரு"ன்னு தங்கச்சிகிட்டச் சொன்னேன். அவ உள்ளாற இருந்தே சொல்றா: "மெசினு சரியாத்தாண்ணா சொல்லுது. நீங்கதான் கேக்கறதில்ல. தெனமும் மெஸ்ஸுச் சோத்தையே ஊட்டுக்குக் கொண்டாந்துருவீங்க, செத்துப்போன அண்ணியே உங்க மெஸ்ஸு லீவுக்குத்தான் காத்துட்டுக் கெடப்பாங்க, அன்னிக்கின்னாலும் ஒரு ரசம் வெக்கலாம்னு."

இது எப்பிடி இருக்குது? எந் தங்கச்சியே! சரசு எங்கிட்ட ஒருநாளு இதச் சொன்னதில்லீங்க. முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ, ஒருநாளு சொன்னதில்ல. லீவன்னிக்கிக்கூட நாந்தான ஆக்குவேன், அவ கஷ்டப்படக் கூடாதுன்னு... சரி உடுங்க. அதையெல்லாம் இப்ப எதுக்கு.

காங்கயம் தாண்டிட்டமா? அப்பவே தாண்டியாச்சுங்களா? ஒரு நிமிசமுங்க, போன் அடிக்குது.

சொல்லு சாமி... ஆமா, பஸ்ஸுலதான் வந்துட்டு இருக்கறோம். உங்கப்பா தூங்கறாரு. தின்னாரு, தெய்வா ஊட்டுல தோசை தின்னாரு, லப்ஸ்... என்ன? பெரிய வாணலியா? மேல் பலகையில, பித்தளைக் குடத்துக்குப் பின்னால பாரு. ஸ்டூலு போட்டு ஏறு, தரணிய எடுத்துத் தரச் சொல்லு... என்ன ஆக்கறே? கோசா? சரி சரி. பன்னுமா? மாவு எப்ப... சாமி, அந்த அடுப்புல பெரிய பர்னரு கொஞ்சம் எகிறி எரியும், நீ சிம்முல... இல்ல. ஒண்ணுமில்ல. உனக்குத் தெரியும். நீ பாத்துக்க. வெச்சர்றேன்.

மருமகளுங்க. நாலு நாளைக்கப்பறம் பேசுது. கோவமா பேசுல. சிரிச்சும் பேசுல. வாணலி எங்கன்னு கேட்டுச்சு, அவ்வளவுதான். இன்னிக்கி அதே ஆக்குதாமா. பன்னிக்கறி தரணி வாங்கிட்டு வந்துட்டானாமா. பட்டாணிக்குப் பதுலா கறுப்புக் கொண்டக்கடலைய ஊற வெச்சிருக்குதாமா. அது எங்கங்க அதாட்டம் வரும்? வராது. எனக்கே தெரியும் வராதுன்னு. எங்க தேடுனாலும் அந்தப் பட்டாணி இனி இல்லீங்க.

மூணு மணிதான ஆகுது? அது இப்பத்தான் மாவே பெசஞ்சிருக்கும். பன்னு உப்பறதுக்கு ஒரு மணி நேரம். கோசு ரண்டு மணி நேரம். எப்பிடியும் ஆறாயிரும்.

ஏனுங்க கண்டக்டரு, அவல்பூந்துறை வந்தா நிறுத்துங்க. ரண்டு டிக்கெட்டு எறங்கறோம். ஆமாங்க, ஈரோட்டுக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், இருக்கட்டும், அங்கியே எறங்கிக்கறோம்.

இல்லீங்க, அங்க எனக்கு ஆருமில்ல. ஒரு டீக்கடையில உக்காந்துட்டு, இவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு, அடுத்த பஸ்ஸு, அதுவும் இல்லீனா அதுக்கடுத்த பஸ்ஸு பாத்துப் பொறப்படறோம். ஆறுக்கு முன்னாடி நேரமே போனா எங் கை சும்மா இருக்காதுங்க.

சம்பந்தி. சம்பந்தி, எந்திரிங்க. எறங்கோணும்.